காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் பழைய அவுட்போர்டு

சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதனால் "பனியில இஞ்சின் விறைச்சுப் போச்சுப்பா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த இஞ்சின், அவ்வளவுதான்.

ஊரூர் குப்பத்தில் எங்கள் பைபர் படகில் மாட்டியிருப்பது நைனா காலத்து 8 எச்பி அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற மோட்டார். ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகம். ஒரு தடவை ஓடிவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரே இழுப்பு. முதல் தடவைக்குத்தான் தோள்பட்டை கழன்றுவிடும்.

உங்களுடையதும் மண்ணெண்ணெய் ரகம் என்றால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: நேற்று எதில் ஓடும்போது நிறுத்தினீர்கள்? மண்ணெண்ணெயில் நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கியிருப்பதும் அதுதான். குளிர்ந்த இஞ்சினில் அது ஆவியாகாது, நீங்கள் எத்தனை இழுத்தாலும் சரி. கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி வடித்துவிட்டு, பெட்ரோலை நிரப்பி இழுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, டேங்குக்கு வாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாய் நடுவில் உள்ள ரப்பர் பந்தை, அம்புக்குறி மேலே பார்க்கப் பிடித்து அமுக்குங்கள். கல் மாதிரி இறுக வேண்டும். இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. கனெக்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தை முதலில் சந்தேகப்படுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி வெடிக்கும், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்து பத்து நாள் படகு மேட்டில் கிடந்தால், டேங்கின் அடிப் பெட்ரோலைக் கொஞ்சம், காய்ந்த காலி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள்.

இன்னொரு சோதனை. ஒருவர் பந்தை விடாமல் அமுக்க, இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். அப்போது மட்டும் பிடிக்கிறது என்றால் ஃப்யூல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு தளர்ந்திருக்கலாம், இல்லை குழாயில் காற்று புகுகிறது.

இனி சோக், அதாவது குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப, கார்புரேட்டருக்குள் போகிற காற்றைக் குறைக்கிற தகடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பணத்தைக் கொட்டியது இங்கேதான். ஒரு மெக்கானிக் ரெண்டு தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார். புது ப்ளக்கும் போட்டார். ரெண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் மறுபடி பழைய குருடி. ஒரு நாள் மேல் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சும்மா குமிழை இழுத்துப் பார்த்தேன். வெளியே குமிழ் முழுசாக வந்து நிற்கிறது. உள்ளே கார்புரேட்டர் வாயில் இருக்கிற தகடோ முக்கால்வாசிதான் மூடியிருக்கிறது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சந்து, என் சுண்டுவிரல் நகம் போகிற அளவு. இணைப்புக் கம்பி நுழையும் பிளாஸ்டிக் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. விரலால் தகட்டை முழுசாக மூடிப் பிடித்துக்கொண்டு, மச்சானை இழுக்கச் சொன்னேன். ரெண்டாவது இழுப்பில் பிடித்தது. மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான், அதை இங்கே எழுத முடியாது. ஆகவே குமிழை நம்பாதீர்கள், தகட்டைக் கண்ணால் பாருங்கள். ஆனால் விரல் வைக்கிற என் முறை வேண்டாம்; பக்கத்திலேயே ஃப்ளைவீல் சுற்றுகிறது. ஆஃப் நிலையில் பார்த்துக் கம்பியைச் சரி செய்யுங்கள்.

சோக் சரியாக வேலை செய்ய ஆரம்பித்ததும் எதிர்ப் பிரச்சினை வரும்: ஆத்திரத்தில் பதினைந்து தடவை இழுத்து பெட்ரோலில் குளிப்பாட்டிவிடுவோம். மூக்கே சொல்லிவிடும். ப்ளக்குகளைக் கழற்றித் துடையுங்கள், இஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்சின் கிளிப்பை எடுத்துவிடுங்கள், சோக்கை உள்ளே தள்ளி ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து பத்து இழுப்பு இழுங்கள். ஈரம் வெளியே வந்துவிடும். பிறகு கிளிப்பைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். மறந்துவிட்டு அரை மணி நேரம் இழுத்த ஆளை எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ப்ளக் கரியும் எண்ணெயுமாகக் கறுத்திருந்தால், எரிபொருளில் கலக்கிற ஆயில் கூடுதலாகப் போகிறதா என்று பாருங்கள். என் மோட்டாருக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. "கூடப் போட்டா இஞ்சினுக்கு நல்லது" என்று டீ கிளாஸ் கணக்கில் ஊற்றுகிறவர்கள்தான் காலையில் வேர்க்கிறார்கள்.

பொறியைப் பார்க்க, ப்ளக்கை வயரோடு சேர்த்து அதன் இரும்புப் பகுதி இஞ்சினில் ஒட்டும்படி வையுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள். நீலமாக, சத்தத்தோடு தாவ வேண்டும். மங்கலான மஞ்சளாக வந்தால் எர்த் வயரின் முனையைக் கழற்றி உப்பைச் சுரண்டுங்கள். இக்னிஷன் காயிலை மாற்றுவது அதற்குப் பிறகு.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற அழுத்தம். பைக் மெக்கானிக்கிடம் கேஜ் இரவல் வாங்கி ரெண்டு சிலிண்டரையும் பாருங்கள். எண்ணைவிட முக்கியம், ரெண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். ஒன்று 110 பிஎஸ்ஐ, இன்னொன்று 80 என்று காட்டினால் கயிற்றை இழுத்துப் பயனில்லை. பிஸ்டன் ரிங்கில் கரி பிடித்திருக்கும், இல்லை தேய்ந்திருக்கும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

கரையில் சோதிக்கிறவர்கள் ட்ரம்மில் நல்ல தண்ணி நிரப்பி, அடிப்பகுதியை முக்கிவிட்டுக் கிளப்புங்கள். தண்ணியில்லாமல் ஓட்டினால் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணிப் பம்பின் ரப்பர் விசிறி சீக்கிரமே கருகிவிடும்.

இப்போது நாங்கள் கடலில் இருந்து திரும்பும்போது, அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவோம். கரை தட்டுவதற்குள் கிண்ணத்தில் இருந்த மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். மச்சான் மறந்துவிடுவான் என்பதால் எரிபொருளை மாற்றுகிற காக் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்படியும் வாரத்துக்கு ஒரு நாள் மறக்கிறான். அன்றைக்கு மறுநாள் கயிறு அவனுடையது.