ஒபெக் அறிவிப்பை லாரி வாடகைக் கணக்கில் படிப்பது எப்படி

"எண்ணெய் உற்பத்தியைக் குறைக்கிறது ஒபெக்" என்று டிவியில் கீழே எழுத்து ஓடினால் போதும், சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ்களில் டீசல் ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிடும். பாதி நேரம் ஏறாது. ஏறினாலும் அந்த அறிவிப்பால் ஏறியதாக இருக்காது. அடுத்த மூன்று மாத வாடகையைப் பேசி முடிக்க வேண்டியவர் அறிவிப்பை எந்த வரிசையில் உரித்துப் பார்ப்பது என்று சொல்கிறோம்.

முதலில், சொன்னது யார் என்று பாருங்கள். ஒபெக் என்பது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பு. 1960-ல் பாக்தாத்தில் ஈரான், ஈராக், குவைத், சவூதி, வெனிசுலா சேர்ந்து தொடங்கியது, தலைமையகம் வியன்னாவில். 2016 கடைசியில் ரஷ்யா, கஜகஸ்தான், ஓமன் போன்றவை கைகோத்ததும் அது ஒபெக் பிளஸ் ஆனது. மொத்தக் கூட்டமும் எடுக்கும் முடிவு ஒன்று. சில நாடுகள் மட்டும் "தன்னார்வமாக" குறைப்பது வேறு. 2023-ல் வந்த பெரிய குறைப்புகள் இரண்டாவது வகை. அதைத்தான் சவூதி, ரஷ்யா உள்ளிட்ட எட்டு நாடுகள் 2025 ஏப்ரலில் அவிழ்க்க ஆரம்பித்தன: முதல் மாதம் நாளொன்றுக்கு 1,38,000 பேரல் கூடுதல், மே மாதத்துக்கு 4,11,000. ஒபெக் பிளஸ் கண்காணிப்புக் குழு கூடியது என்று மட்டும் செய்தி வந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் குழு பரிந்துரைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, எந்த அளவிலிருந்து குறைக்கிறார்கள்? ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு நாட்டுக்கும் அடிப்படை அளவு ஒன்று உண்டு. அதிலிருந்து கழித்து வருவது கோட்டா. 2020 ஒப்பந்தத்தில் பல நாடுகளுக்கு 2018 அக்டோபர் உற்பத்தியே அடிப்படை. சவூதிக்கும் ரஷ்யாவுக்கும் நாளொன்றுக்குத் தலா 110 லட்சம் பேரல் என்று வைத்தார்கள். அடிப்படையைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் "குறைத்த" பிறகும் நிறைய எடுக்கலாம். அதனால்தான் 2021 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகம் தன் அடிப்படையை உயர்த்தச் சொல்லி ஒப்பந்தத்தையே இழுத்துப் பிடித்தது.

2022 அக்டோபரை எடுத்துப் பாருங்கள். நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20 லட்சம் பேரல் குறைப்பு என்று அறிவித்தார்கள். ஆனால் நைஜீரியா, அங்கோலா போன்ற நாடுகள் அப்போதே கோட்டாவை எட்ட முடியாமல் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தன. டேங்கில் இல்லாத டீசலை எப்படி இறக்குவது? சந்தையிலிருந்து உண்மையில் போனது ஏறக்குறைய பாதி. அறிவிப்பின்போது பேரல் 93 டாலர் பக்கம் இருந்த பிரெண்ட் (உலகச் சந்தை அளவுகோலாகப் பார்க்கும் கச்சா எண்ணெய்), டிசம்பர் தொடக்கத்தில் 80-க்குக் கீழே வந்தது. சீனாவில் கொரோனா முடக்கம், உலகெங்கும் வட்டி உயர்வு: வாங்குகிற பக்கம் சுருங்கினால் குறைப்பு எடுபடாது. அந்த அக்டோபரில் டீசல் ஏறும் என்று பயந்து வாடகையை ஏற்றிக் கேட்டவர் லோடை இழந்திருப்பார்.

கோட்டாவை மீறினால் அபராதம் கிடையாது. ஈராக்கும் கஜகஸ்தானும் அதிகமாக எடுத்துவிட்டு, பின்னால் ஈடுகட்டுகிறோம் என்று அட்டவணை கொடுப்பது வழக்கம். ஒரே பிரம்பு சவூதி கையில்: அது குழாயைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் அடி. 2020 மார்ச்சில் குறைப்புக்கு ரஷ்யா ஒத்துவராதபோது அதைத்தான் செய்தது. அதே நேரத்தில் கொரோனாவும் வந்து விலை சரிந்து, ஏப்ரலில் நாளொன்றுக்கு 97 லட்சம் பேரல் குறைப்புக்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. ஒரு பேரல் 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பேரலுக்கு 1 டாலர் ஏறுவது லிட்டர் கச்சா எண்ணெய்க்கு 53 பைசா. 5 டாலர் ஏறினால் 2.67 ரூபாய். அன்றைய டாலர் மதிப்பைப் போட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பேரல் 70 டாலரிலேயே நின்று டாலர் மட்டும் 85-லிருந்து 87 ஆனாலும் லிட்டருக்கு 88 பைசா கூடும். அதற்கு ஒபெக்கைத் திட்டிப் பயனில்லை. பிரெண்ட் விலையை மட்டும் பார்ப்பதும் போதாது. நாம் வாங்கும் எண்ணெயில் பெரும்பங்கு ஓமன்-துபாய் வகையோடு ஒட்டிய விலை. அதைக் கலந்த "இந்தியன் பாஸ்கெட்" விலையை பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவான பிபிஏசி-யின் இணையதளம் வெளியிடுகிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு அப்படியே பங்க் மீட்டருக்கு வந்துவிடுமா? சட்டப்படி டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் போய்விட்டது. 2017 ஜூனிலிருந்து தினமும் காலை 6 மணிக்கு மாற்றலாம். நடைமுறை வேறு. 2022 மே மாதம் கலால் வரி குறைந்த பிறகு, 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறையும்வரை டீசல் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. அந்த இடைவெளியில் பிரெண்ட் 120 டாலரையும் தொட்டது, 75-க்குக் கீழும் போனது. இறங்கும்போதும் இதே கதை: 2020 மே, 2025 ஏப்ரல் இரண்டிலும் கச்சா எண்ணெய் மலிந்தது, கலால் ஏறியது, பங்க் விலை நின்ற இடத்திலேயே நின்றது. ஆகவே வியன்னா செய்தியைப் பார்த்த கையோடு டெல்லி செய்தியையும் பாருங்கள்.

மொத்தமாக வாங்கும் ஆலைகளுக்கு இந்தத் தடுப்பு இல்லை. 2022 மார்ச்சில் மொத்த டீசல் லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் ஏறியபோது பங்க் விலை அப்படியே இருந்தது. ஏற்காடு லாட்ஜ் சமையலறைக்கும் அப்படித்தான். 19 கிலோ சிலிண்டர் விலை சவூதி அரம்கோவின் மாதாந்திர எரிவாயு விலையை ஒட்டி 1-ஆம் தேதி மாறும். கீழே லாரிக்காரருக்கு உறைக்காத வளைகுடா விலை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி பரோட்டாக் கல்லுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடும்.

எனவே ஊகத்தில் வாடகை பேச வேண்டாம். ஒப்பந்தத்தில் டீசல் விலைக்கென்று ஒரு நிபந்தனையைச் சேருங்கள். சேலத்திலிருந்து மும்பைக்கு ஜவ்வரிசி லோடு, சுமார் 1,200 கி.மீ. வண்டி லிட்டருக்கு 4 கி.மீ. தந்தால் 300 லிட்டர். டீசல் 1 ரூபாய் ஏறினால் நடைக்கு 300 ரூபாய், 3 ரூபாய்க்கு 900. எழுத வேண்டியது இப்படி: "ஒப்பந்தத் தேதியன்று சேலத்தில் டீசல் லிட்டர் இத்தனை ரூபாய். அதிலிருந்து 1 ரூபாய்க்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும், வித்தியாசம் முழுவதையும் 300 லிட்டரால் பெருக்கி வாடகையில் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். லோடு ஏற்றும் நாள் விலையே கணக்கு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் தகராறுதான்: ஏற்றிய நாளா, இறக்கிய நாளா, பில் போட்ட நாளா என்று. எந்த ஊர் விலை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கர்நாடகத்தில் வாட் வேறு, டிரைவர் ஓசூர் தாண்டி நிரப்பியிருப்பார். "இறங்கினாலும்" என்ற சொல்லைச் சரக்குக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே போட்டுவிடுங்கள், கையெழுத்து சீக்கிரம் விழும். திரும்பும்போது லோடு கிடைக்காத தடம் என்றால், காலி வண்டி குடிக்கும் டீசலையும் அந்த 300-உடன் சேர்த்து எழுதுங்கள்.