நூறு முறை எழுதியும் வராத ‘கொலுசு’: கற்றல் குறைபாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை நடத்தும் ஒருவரின் மகன், ஐந்தாம் வகுப்பு மாணவன், என்னிடம் முதன்முதலாக வந்தபோது இம்போசிஷன் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ‘கொலுசு’ என்று நூறு முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் பத்து வரிகள் சரியாக இருந்தன. பிறகு துணைக்கால் உதிர்ந்து ‘கெலுசு’ ஆகி, கடைசிப் பக்கத்தில் ‘கெசுலு’ என்று முடிந்திருந்தது. பட்டறையில் எந்தக் கண்ணி எதோடு சேரும் என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடுகிற பையன் அவன்.

டிஸ்லெக்சியா என்னும், வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு உள்ள குழந்தையை மேலும் மேலும் எழுதவைப்பதே, என் அனுபவத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கேட்டு எழுத்தோடு பொருத்துவதில்தான் அக்குழந்தைக்குச் சிக்கல் இருக்கிறது. அறிவிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை. ‘கொ’ என்று சொல்லும்போது ‘க்’ முன்னும் ‘ஒ’ பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில் வந்து, நடுவே ‘க’ நின்று, துணைக்கால் கடைசியில் சேர்கிறது. காது கேட்கும் வரிசையும் கை எழுதும் வரிசையும் வேறுபடும் இந்த இடத்தை யாரும் விளக்காமல் நூறு முறை எழுதவைத்தால், குழந்தை நூறு முறை தவறைத்தான் பழகும். சொல்லை ஒலியாக உடைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதவைத்து, ஒரு குறியீடு கைவந்த பிறகே அடுத்ததற்குப் போவது பலன் தரும்.

எழுத்து மாறுகிறதே என்று கண்ணாடிக் கடைக்கு ஓடுவது இன்னொரு தவறு. கண்ணையும் காதையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். ஆனால் வண்ணக் கண்ணாடி டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

“செல்போனில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, படிப்பில் மட்டும் ஏன் முடியவில்லை?” என்று கேட்காத பெற்றோர் குறைவு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறல், மிகைத்துடிப்புச் சிக்கல் உள்ளவர்களுக்குக் கவனம் இல்லாமலில்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் கடினம். ஓடியாடும் பையன்களை மட்டும் கவனித்து, சன்னலோரம் சத்தமின்றிக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் பிள்ளையை விட்டுவிடுகிறோம். டிஸ்லெக்சியாவும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவது சகஜம் என்பதால் ஒன்றை மட்டும் சோதித்து நிறுத்துவதும், மருத்துவர் தந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு நிறுத்துவதும் சரியல்ல.

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டால் கண்டிப்பில் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை எங்கள் ஊருக்கே உரியது. கண்டிப்பு நேரத்துக்கு எழுப்பும், வாசிக்கக் கற்றுத்தராது. சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிச் சான்றிதழ் வாங்காமல் பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடுபவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துத் தொடங்கலாம். எட்டு வயதான பிறகே சான்றிதழ் தருவார்கள் என்பதற்காகப் பயிற்சியையும் அதுவரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஒலி பிரித்துச் சொல்லும் விளையாட்டை முதல் வகுப்பிலேயே வீட்டில் ஆரம்பித்துவிடலாம்.