பால் எங்கே போனது? தமிழ் வாக்கியங்களை மாடலுக்குக் கொடுக்கும் முன்

வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒருவருக்காக, வாட்ஸ்அப்பில் வரும் புகார்களை வகை பிரிக்கும் சின்ன மாடல் ஒன்றைச் செய்தேன். பைதான் மொழி, அதில் மாடல் செய்ய உதவும் சைகிட்-லேர்ன் நூலகம், வகை பிரிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் முறை, அவ்வளவுதான். "பால் திரிந்துவிட்டது" ஒரு வகை, "நெய் தீர்ந்துவிட்டது" வேறு வகை. மாடலுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. இரண்டு நாள் செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான், வாக்கியத்தைச் சொற்களாக வெட்டி எண்ணும் கவுண்ட்வெக்டரைசர் என்ற கருவி எடுத்த சொற்களை அச்சிட்டேன். இரண்டு வாக்கியத்திலும் மிஞ்சியிருந்தது ஒரே சொல்: "டத".

நாம் எதையும் மாற்றாவிட்டால், அந்தக் கருவி இரண்டு எழுத்தாவது அடுத்தடுத்து இருப்பதையே சொல்லாக எடுக்கும். சொல்லைத் தேடி எடுக்க அது பயன்படுத்தும் பைதானின் ரீ நூலகமோ புள்ளியையும் கால், கொம்பு, சுழிகளையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடங்களில் சொல் வெட்டுப்படும், தனியே நிற்கும் எழுத்து விழுந்துவிடும். பால், மோர், நெய், வெண்ணெய் நான்கும் சுவடில்லாமல் போயின. தயிர் "தய" ஆனது.

சரி, திருத்துவது எப்படி? எதைச் சொல்லாக எடுப்பது என்று சொல்லும் டோக்கன் பேட்டர்னை நீங்களே கொடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். அந்த வரம்பு முழுவதையும், ஆங்கிலமும் எண்ணும் கலந்து வருவதால் வழக்கமான எழுத்து, எண் குறியீட்டையும் ஒரே சதுர அடைப்புக்குள் சேர்த்துவிடுங்கள். எழுத்தோடு ஒட்டி வரும் அக்ஸென்ட் குறிகளை நீக்கும் வசதியை யூனிகோட் என்று வைக்காதீர்கள், அது புள்ளியை உருவிவிடும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "கோ" என்பதை இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், கே, கால் என்று பிரித்து மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸை பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும் என்எஃப்சி வடிவத்தில் ஓட்டினால் ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205 குறிகளையும் நீக்குங்கள். (ஔகாரத்துக்குப் பதில் ளகரம் போட்ட "கெளரி"யை இது "கௌரி" ஆக்காது. பெயர்கள் உள்ள தரவில் அதைத் தனியாகத் தேடுங்கள்.)

இதெல்லாம் முடிந்த பிறகே இரட்டை வரிகளை நீக்குங்கள், அப்புறம்தான் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரியுங்கள். வரிசை மாறினால், ஒரே ஃபார்வர்டு செய்தி இரு வடிவத்தில் இரு பக்கமும் போய் உட்காரும். மாடல் பார்த்த கேள்விக்கே விடை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கும்.

பாலை, பாலுக்கு, பாலும் என்று வேற்றுமை ஏறிய சொற்களுக்கு, சொல்லுக்குள்ளேயே இரண்டு முதல் ஐந்து குறி வரையான துண்டுகளையும் கூடவே கொடுத்துப் பாருங்கள்.

இப்போது எந்த வேலையிலும் நான் முதலில் எழுதுவது ஐந்து வரிச் சோதனை. பால், மோர், தயிர், கோயில், வரவில்லை ஆகிய ஐந்தையும் சொல் வெட்டும் டோக்கனைசருக்குக் கொடுப்பேன். ஐந்தும் முழுசாகத் திரும்பி வராவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பிறகு இருபது வரியை எடுத்து, வெட்டிய சொற்களைப் பக்கத்தில் வைத்து வாய்விட்டு வாசிப்பேன்.