ஸ்பெயினில் சைக்கிளா? பழைய ‘என்’ (N) சாலையைப் பிடியுங்கள்

ஸ்பெயின் கிராமப்புறத்தில் சைக்கிள் பயணம் திட்டமிடும்போது, வரைபடத்தில் ‘ஏ’ (A) என்று தொடங்கும் நீலநிற எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘என்’ என்று தொடங்கும் சிவப்பு எண் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், கண்ணை மூடிக்கொண்டு சிவப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

‘என்’ என்பது பழைய தேசிய நெடுஞ்சாலை. பக்கத்தில் ‘ஏ’ என்ற சுங்கம் இல்லாத நான்குவழிச் சாலை வந்ததும் கார், லாரியெல்லாம் அங்கே போய்விட்டன. லாரிகளுக்காகப் போட்ட நல்ல தார்ச்சாலையும், மூச்சு வாங்க வைக்காத ஏற்றமும் மட்டும் நமக்கு மிச்சம். ஏ-66க்குத் துணையாக ஓடும் என்-630தான் இதற்கு அருமையான உதாரணம். செவில், மெரிடா, காசெரெஸ், சலமான்கா, சமோரா என்று ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டிய பழைய ஊர். நீங்கள் சாலை மாறாமல் ‘என்’-இலேயே போகிறீர்கள் என்பதற்கு அடையாளம், ஓரத்துக் கிலோமீட்டர் பலகையின் சிவப்புத் தலை.

ஆனால் பக்கத்துச் சாலை ‘ஏ.பி.’ (AP) என்று தொடங்கிச் சுங்கமும் வாங்கினால் இது பலிக்காது. காசை மிச்சம்பிடிக்க லாரிகள் பழைய சாலைக்கே வரும். பெரிய ஊர்களை நெருங்கும்போதும் நெரிசல் உண்டு. சில இடங்களில் பழைய சாலையின் மேலேயே புதியதைப் போட்டிருப்பார்கள், அங்கே ‘என்’ துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அப்புறம் தண்ணீர். போக்குவரத்து குறைந்ததால் வழியோரக் கடைகளும் குறைவு. மெரிடா, காசெரெஸ் இருக்கும் எக்ஸ்ட்ரமதூரா பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், இரண்டு பாட்டிலாவது நிரப்பிக்கொண்டே கிளம்புங்கள்.