டிசிஎஸ் மேம்பாட்டுக்கு நிர்வாக ஒப்புதல் பெறுவது எப்படி?

ஆலையின் வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றைத் தானாகக் கட்டுப்படுத்தும், டிசிஎஸ் எனப்படும் பரவல் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றக் கோரும் முன்மொழிவுகள் பல, அமைப்பின் வயதைப் பற்றி மட்டும் பேசி, ஆலையின் வருவாயைத் தொடாமல் விடுவதாலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகியவை 1975-இல் அறிமுகமான காலத்திலிருந்தே இவ்வகை அமைப்புகள் நீண்ட காலம் உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டு வருகின்றன. எனவே "பழையதாகிவிட்டது" என்று எழுதினால், "நேற்றுவரை ஓடியதே" என்ற பதில்தான் வரும். அதில் நியாயமும் உண்டு.

முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு கன்ட்ரோலர் (கட்டுப்பாட்டுக் கணினி), களக் கருவிகளை அதனுடன் இணைக்கும் உள்ளீட்டு-வெளியீட்டு கார்டு, மின்வழங்கி, ஆபரேட்டர் கணினி ஆகியவற்றையும் பட்டியலிட்டு, அது இன்னும் விற்பனையில் உள்ளதா, உதிரிபாகம் மட்டும் கிடைக்கிறதா, உற்பத்தியாளரின் ஆதரவு முற்றிலும் நின்றுவிட்டதா என்று எதிரே குறியுங்கள். மென்பொருளையும் விட்டுவிடக் கூடாது: விண்டோஸ் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும் முடிவுற்றன. கடந்த சில ஆண்டுகளின் பழுதுப் பதிவேட்டைக் கிடங்கில் மீதமுள்ள உதிரிகளோடு ஒப்பிட்டால், எந்தக் கார்டு எப்போது தீர்ந்துபோகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். அமைப்பின் உள்விவரம் அறிந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்போது ஓய்வு பெறுகிறார்கள் என்பதும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டியதே.

அடுத்து, எதுவும் செய்யாமல் இருப்பதற்கான செலவைக் கணக்கிட வேண்டும். முன்மொழிவின் முதுகெலும்பு இதுதான். ஒரு பழுது ஓராண்டில் நேரும் வாய்ப்பு, அதிலிருந்து மீள ஆகும் மணிநேரம், ஒரு மணிநேர உற்பத்தியின் லாப வரம்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஆண்டுக்கான எதிர்பார்ப்பு இழப்பு கிடைக்கும். கார்டை மாற்ற நான்கு மணிநேரம் போதுமானாலும், ஆலை மீண்டும் சீரான நிலைக்கு வந்து தரமான பொருளைத் தரும்வரை கழியும் நேரம் முழுவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். லாப வரம்பை நிதிப் பிரிவிடமும், மீளும் நேரத்தை உற்பத்திப் பிரிவிடமும் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தந்த எண்களை அவர்களே கூட்டத்தில் மறுக்க மாட்டார்கள் என்பது இதிலுள்ள கூடுதல் வசதி.

இணையப் பாதுகாப்பை முன்வைக்கும்போது அச்சுறுத்தும் தொனி வேண்டாம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தாக்கிய தீநிரல்களான, 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டும், ஆபத்தின்போது ஆலையை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பையே குறிவைத்த 2017-இன் டிரைட்டனும் ஓரிரு வரிகளில் இடம்பெற்றால் போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் பெற முடியாத கணினிகள் எவை, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் இணையப் பாதுகாப்புக்கான ஐஈசி 62443 தரநிலைப்படி அவற்றைத் தனி மண்டலமாகப் பிரிக்க இயலுமா என்பதே பயனுள்ள விவரம்.

ஆதாயங்களைக் காட்டும்போதுதான் மிகுந்த நேர்மை தேவை. வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் குறைந்தால், செட்பாயிண்ட்டை (கட்டுப்பாட்டின் இலக்கு அளவை) தர வரம்புக்கு அருகில் நகர்த்தி எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால், ஒட்டிக்கொள்ளும் வால்வைச் சரிசெய்து, மேனுவலில் (கையால் இயக்கும் நிலையில்) கிடக்கும் லூப்களை, அதாவது அளவைப் பார்த்து வால்வை இயக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை, டியூன் செய்தாலே பழைய அமைப்பிலும் கிடைக்கக்கூடிய ஆதாயத்தைப் புதிய அமைப்பின் கணக்கில் எழுதக் கூடாது. அலாரம் குறைப்பும் இத்தகையதே: ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற அலாரம் மேலாண்மைக்கான ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டியின் அளவுகோலை, புதிய திரைகள் மட்டும் எட்டித்தராது, அதற்கு அலாரம் சீரமைப்புப் பணி தனியாக நடக்க வேண்டும்.

மாற்று வழிகளாகக் குறைந்தது மூன்றை முன்வையுங்கள்: இப்படியே தொடர்வது, கட்டம் கட்டமாக மாற்றுவது, ஆலையின் ஒரே நிறுத்தத்தில் முழுமையாக மாற்றுவது. களக் கம்பியிணைப்புகளைத் தொடாமல், முதலில் ஆபரேட்டர் நிலையங்களையும் பின்னர் கன்ட்ரோலர்களையும் மாற்றுவது பல ஆலைகளுக்கு ஏற்ற நடுவழி. ஆலை ஓடும்போதே லூப் லூப்பாக மாற்றுவதா, திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தத்தில் மாற்றுவதா என்பதையும் இங்கேயே முடிவு செய்தாக வேண்டும். அடுத்த நிறுத்தத்தைத் தவறவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதை நாட்காட்டியோடு காட்டுங்கள். பயிற்சி, தொழிற்சாலை ஏற்புச் சோதனை (அனுப்பும் முன் உற்பத்தியாளரிடமே நடத்தும் சோதனை), எதிர்பாராச் செலவு ஆகியவற்றை மறைத்துத் தொகையைச் சிறிதாக்கினால், பிறகு கூடுதல் நிதி கேட்கும் நாளில் நம்பகம் போய்விடும்.

ஒப்புதல் கிடைத்தவுடன், பழைய அமைப்பு இயங்கும்போதே தடங்கல் நேரம், அலாரம் எண்ணிக்கை, மேனுவலில் உள்ள லூப்களின் விகிதம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்யுங்கள். அது நிறுத்தப்பட்ட பிறகு இந்த அளவீடுகளை எடுக்க வழியில்லை. முதலீட்டுத் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.