தாய்லாந்துப் பிரதமர் தேர்வு: கூட்டணிக் கணக்கைப் புதியவர்கள் படிப்படியாகப் புரிந்துகொள்ளும் வழி

2023 மே 14 அன்று நடந்த தாய்லாந்துப் பொதுத்தேர்தலில் 151 இடங்களுடன் முதலிடம் பெற்ற மூவ் ஃபார்வர்ட் கட்சியிலிருந்து எவரும் பிரதமராகவில்லை. 71 இடங்களுடன் மூன்றாவதாக வந்த பும்ஜாய்தாய் கட்சியின் தலைவர் அனுதின் சான்விரகுல், அதே நாடாளுமன்றத்தின் வாக்கால் 2025 செப்டம்பரில் பிரதமரானார். இது எப்படி நேர்ந்தது என்று புரிய வேண்டுமானால், செய்திகளில் வரும் இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. கீழ்க்காணும் வரிசையில் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெயர்ப் பட்டியலை முதலில் எழுதுங்கள்

பலரும் தவறவிடும் படி இதுதான். 2017ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே அதிகபட்சம் மூன்று பேரைப் பிரதமர் வேட்பாளர்களாக அறிவிக்கலாம். அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒருவரைப் பிற்பாடு சாதாரணமாகக் கொண்டுவர முடியாது. பட்டியலில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை நிறுத்திய கட்சி நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 500 இடங்களில் குறைந்தது 25 இடங்களை வென்றிருக்க வேண்டும்.

2023 தேர்தலில் இரண்டாவதாக வந்த பியூ தாய் கட்சி ஸ்ரெத்தா தவிசின், பேதோங்தார்ன் ஷினவத்ரா, சைகாசெம் நிதிசிரி என மூவரை அறிவித்தது. மூவ் ஃபார்வர்ட் பிட்டா லிம்ஜாரோன்ராட்டை மட்டுமே அறிவித்தது. பும்ஜாய்தாய் பட்டியலிலும் அனுதின் ஒருவர்தான். இந்தப் பெயர்களைத் தனித்தாளில் வைத்திருங்கள், ஒவ்வொரு நெருக்கடியிலும் இது தேவைப்படும்.

படி 2: யாருக்கு வாக்குரிமை என்று பாருங்கள்

இப்போது பிரதிநிதிகள் சபை மட்டுமே வாக்களிக்கிறது. பதவியிலிருக்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். ஆனால் 2024 மே வரை, இராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களும், அதாவது மேலவை உறுப்பினர்களும், பிரதமர் தேர்வில் வாக்களித்தனர். பழைய வாக்கெடுப்புகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

படி 3: 2023ஆம் ஆண்டை மாதிரிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்

மூவ் ஃபார்வர்ட், பியூ தாய் உள்ளிட்ட எட்டுக் கட்சிகள் சேர்ந்தபோது 312 இடங்கள் இருந்தன. சபையில் அது தெளிவான பெரும்பான்மை, ஆனால் செனட்டையும் சேர்த்தால் சுமார் 375 வாக்குகள் வேண்டியிருந்தது. ஜூலை 13 அன்று பிட்டாவுக்குக் கிடைத்தவை 324. அரச குடும்ப அவமதிப்பைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவைத் திருத்த வேண்டும் என்ற அவரது கட்சியின் நிலைப்பாட்டையே எதிர்த்தவர்கள் பெரும்பாலும் காரணமாகச் சொன்னார்கள். ஜூலை 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவரது உறுப்பினர் பொறுப்பை இடைநிறுத்தியது; அன்றே நாடாளுமன்றமும் அவரை மீண்டும் முன்மொழிய இடமில்லை என்று முடிவு செய்தது.

பிறகு பியூ தாய் அந்தக் கூட்டணியிலிருந்து பிரிந்து, இராணுவச் சார்புக் கட்சிகளான பலாங் பிரச்சாராத்தையும் ஐக்கிய தாய் தேசத்தையும் சேர்த்துக்கொண்டு, 11 கட்சிகளும் 314 இடங்களும் கொண்ட புதிய கூட்டணியை அமைத்தது. எண்ணிக்கையில் பழைய கூட்டணிக்கும் இதற்கும் இரண்டே இடங்கள்தான் வித்தியாசம். இருந்தும் ஆகஸ்ட் 22 அன்று ஸ்ரெத்தா 482 வாக்குகள் பெற்றார், ஏனெனில் செனட்டர்கள் இம்முறை ஆதரித்தனர். பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த முன்னாள் பிரதமரும் பேதோங்தார்னின் தந்தையுமான தக்சின் ஷினவத்ரா நாடு திரும்பியதும் அதே நாளில்தான். மாற்றம் வேண்டி வாக்களித்த மக்களுக்கு இது பெரும் ஏமாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

படி 4: நீதிமன்றத் தீர்ப்புகளைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்

2008 முதல் ஐந்து பிரதமர்களை அரசியலமைப்பு நீதிமன்றம் பதவி நீக்கியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 14 அன்று ஸ்ரெத்தா நீக்கப்பட்டதும், பியூ தாய் பட்டியலில் மீதமிருந்த பேதோங்தார்ன் இரண்டே நாளில் 319 வாக்குகளுடன் வந்தார். 2025 ஜூனில் கம்போடியத் தலைவர் ஹுன் சென்னுடன் அவர் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்தது. பும்ஜாய்தாய் கூட்டணியை விட்டு வெளியேறியது. அந்த உரையாடலில் நெறிமுறையை மீறினார் என்று கூறி, ஆகஸ்ட் 29 அன்று நீதிமன்றம் பேதோங்தார்னையும் நீக்கியது. பட்டியலில் எஞ்சியவர் சைகாசெம் மட்டுமே.

மூவ் ஃபார்வர்ட் 2024 ஆகஸ்ட் 7 அன்று கலைக்கப்பட்டு, பிட்டாவுக்குப் பத்தாண்டு அரசியல் தடை விதிக்கப்பட்டது. அக்கட்சியின் உறுப்பினர்கள் மக்கள் கட்சியாகத் திரண்டு, 143 இடங்களுடன் சபையின் மிகப் பெரிய அணியாகத் தொடர்ந்தார்கள். ஆயினும் முன்மொழிய அவர்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. முதல் படியில் எழுதிய தாள் இதை உடனே காட்டிவிடும்.

படி 5: ஆதரவுக்கு வைத்த நிபந்தனைகளைப் படியுங்கள்

பிரதமராக முடியாத மக்கள் கட்சி, யார் பிரதமர் என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருந்தது. அமைச்சரவையில் சேராமல், வெளியிலிருந்து அனுதினை ஆதரிக்க அது சம்மதித்தது. நான்கு மாதத்துக்குள் சபையைக் கலைக்க வேண்டும், புதிய அரசியலமைப்புக்கான பொது வாக்கெடுப்பை முன்னெடுக்க வேண்டும், பும்ஜாய்தாய் பெரும்பான்மை அரசாக மாற முயலக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். செப்டம்பர் 5 அன்று அனுதினுக்கு 311 வாக்குகளும் சைகாசெமுக்கு 152 வாக்குகளும் கிடைத்தன.

இத்தகைய ஒப்பந்தத்தில் எந்த நிபந்தனைக்குக் காலவரையறை உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் குறியுங்கள். அரசியலமைப்புத் திருத்தத்தில் செனட்டின் ஒப்புதல் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியில்தான் பின்னர் இரு கட்சிகளும் முறிந்தன. மக்கள் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆயத்தமானபோது, அனுதின் 2025 டிசம்பர் 12 அன்று சபையைக் கலைத்தார். 2026 பிப்ரவரி 8 தேர்தல் நாளாக அறிவிக்கப்பட்டது.