கோவையிலிருந்து பிராங்க்பர்ட்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் நடைபெறும் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து முதன்முறையாகச் செல்பவர், தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் நேர்தூரத்தை அறிய வேண்டும். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் கணக்கு பிசகும் என்பதால், ஓர் உலக உருண்டையில் கோவைக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அந்த நூலின் நீளமே மிகக் குறுகிய வழி. அது ஏறத்தாழ 7,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் எட்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் தூரம்தான்; ஆனால் கோவையிலிருந்து அங்கு நேரடி விமானம் இல்லை.

ஆகவே எந்த ஊரில் மாறுவது என்பதை அடுத்து முடிவு செய்ய வேண்டும். கோவையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், அட்சரேகை வேறுபாடான 17.5 பாகையை, ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்று பெருக்கினாலே 1,950 கி.மீ. என்று கிடைத்துவிடும், அங்கிருந்து பிராங்க்பர்ட் 6,120 கி.மீ. மும்பை வழியாகவோ 1,000 கி.மீ.யும் 6,570 கி.மீ.யும் சேர்ந்து 7,570 கி.மீ. மட்டுமே, அதாவது நூல் காட்டிய வழியைவிட 30 கி.மீ.தான் கூடுதல். டெல்லி வழி சுமார் 500 கி.மீ. சுற்று என்பதோடு, ஜனவரி அதிகாலைகளில் அங்கே மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் வழக்கம் என்பதால், கண்காட்சிக்குச் செல்பவர்களுக்கு மும்பையையே நான் பரிந்துரைப்பேன்.

பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஜெர்மனி குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜனவரியில் மும்பையில் அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு பிராங்க்பர்ட்டில் காலை 7.30க்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், பறக்கும் நேரம் ஒன்பது மணி நேரம். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று எதிரே வருவதால் போகும்போது இவ்வளவு ஆகிறது. அதே காற்று திரும்பும்போது பின்னிருந்து தள்ளுவதால் நேரம் குறையும். வான்வெளி மூடப்பட்டாலும் வழி நீளும்; 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது இதற்கு எடுத்துக்காட்டு.

இனி பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்திருந்தால், பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால் மும்பையில் நான்கு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். மேற்கண்ட 3 மணி விமானத்துக்கு முந்தைய இரவு 11 மணிக்கு மும்பையில் இறங்க வேண்டும். அதற்குக் கோவையில் இரவு 9 மணிக்கு விமானம் ஏறி, 7 மணிக்கெல்லாம் பீளமேடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கரூரில் மாலை 4 மணிக்கே கார் கிளம்பிவிட வேண்டும்.